பாலம் வரைக்கும் போய்வந்தவர்

கிளெமென்ற் சவரிமுத்துவின் சின்ன ஒஸ்ரின் கார் வெள்ளவத்தைப் பாலத்தைக் கடந்து இறங்கியபோது இடது பின்சில்லு எதிலோ ஏறி இறங்கியது. பெரிய அதிர்வு ஒன்றுமில்லை. ஆசனத்தின் கீழே ஒரு சின்னத் தூக்கல், பிறகு ஒரு சின்ன இறக்கம். 1943ஆம் ஆண்டு ஆனி மாதம். காற்று கடலிலிருந்து மழையை அள்ளிக் கொண்டுவந்து கொழும்பிலிருந்து காலி நகருக்குப் போகும் காலி வீதியில் கொட்டிக்கொண்டிருந்தது. ஜப்பான்காரன் மறுபடியும் குண்டுபோட வரக்கூடும் என்று வீதி விளக்குகளை அணைத்து, கார் விளக்குகளுக்கும் கறுப்பு மூடி போடச் சொல்லியிருந்த காலம். மூடியின் கீறல் வழியே விழுந்த வெளிச்சத்தில் முன்னால் நாலு முழம் ஈரத் தார் மட்டும் தெரிந்தது. பின்னால் என்ன கிடந்தது என்று பார்க்க வழியில்லை. அவர் நிற்காமல் வீட்டுக்கு வந்துவிட்டார்.

கை கால் கழுவிச் சோற்றைப் பிசையத் தொடங்கிய பிறகுதான் அந்தத் தூக்கல் ஞாபகம் வந்தது. அது என்ன? கல்லா? மட்டையா? மட்டை என்றால் நொறுங்கும் சத்தம் கேட்டிருக்குமே. கேட்டதா? அந்த மழையில் என்னதான் கேட்கும்? பாலத்தடியில் சாக்கைப் போர்த்துக்கொண்டு படுத்திருக்கும் ஆட்களை அவர் எத்தனையோ நாள் கண்டிருக்கிறார்.

“என்ன, கறி உறைப்போ?” என்று கேட்டாள் டோரின், அவருடைய மனைவி.

“இல்லை. பாலம் வரைக்கும் ஒருக்கால் போயிட்டு வாறன்.”

“இப்பத்தானே வந்தனீங்கள்! என்னத்தை விட்டிட்டு வந்தனீங்கள்?”

“ஒண்டையும் விடேல்லை. ஒருக்கால் பார்க்கவேணும்.”

மழையில் போனார். பாலத்துக்கு இந்தப் பக்கம், வீதியின் இடது ஓரத்தில், சப்பளிந்த செவ்விளநீர்க் கோம்பை ஒன்று கிடந்தது. அதைக் கண்டதும் அவருக்குச் சிரிப்பு வந்தது. காலால் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்து ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டார். ஆனால் படுக்கைக்குப் போக விளக்கை அணைத்தபோது இன்னொரு யோசனை வந்தது. கோம்பை அங்கே கிடந்தது சரி. அதன்மேல்தான் சில்லு ஏறியது என்பதற்கு என்ன அத்தாட்சி? யாராவது அடிபட்டிருந்தால், இதற்குள் தூக்கிக்கொண்டு போயிருக்கவும் கூடுமே?

அவருக்கு அப்போது வயது முப்பத்தாறு. பிறந்தது கொட்டாஞ்சேனையில். தகப்பன் துறைமுகத்தில் கப்பற் சாமான்களுக்குக் கணக்குப் பார்க்கும் எழுதுவினைஞர். கிளெமென்ற் கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை. புலமைப்பரிசில் கிடைத்து இங்கிலாந்து போய்ப் படித்து, யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருடம் திரும்பி, சர்வகலாசாலையில் கணித உதவி விரிவுரையாளரானார். டோரினும் கொட்டாஞ்சேனைதான். ஹெவ்லொக் டவுனில் ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தாள். கலியாணமாகி நாலு வருடம், பிள்ளைகள் இல்லை. கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் வாடகை வீடு. ரயில் போகும்போது மேசையிலிருக்கும் கோப்பைகள் கிணுகிணுக்கும்.

வேலையிடத்தில் அவருக்கு நல்ல பெயர். வினாத்தாள்கள் அச்சுக்குப் போகுமுன் கடைசியாக அவரிடம்தான் வரும். “சவரிமுத்து பார்த்தால் பிழை இராது” என்று வெள்ளைக்காரப் பேராசிரியரே சொல்லுவார். அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் ஏழு தரம் படிப்பார் என்பது யாருக்கும் தெரியாது. ஏழாவது தரம் படிக்கும்போது கெட்ட நினைவு ஏதும் குறுக்கிட்டால் மறுபடி முதலாவதிலிருந்து தொடங்கவேண்டும். அதற்கு ஒரு காரணமும் அவரால் சொல்ல முடியாது. தொடங்காவிட்டால் நெஞ்சுக்குள் ஏதோ இறுகும். இதை ஒரு கோளாறு என்று அவரும் நினைக்கவில்லை, டோரினும் நினைக்கவில்லை. சரிபார்ப்பதற்கே சம்பளம் கொடுக்கிற இடத்தில் அதிகமாகச் சரிபார்ப்பவனை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

தாளில் இருப்பதற்கு ஒரு முடிவு இருந்தது. ஏழு தரம் பார்த்துக் கீழே கோடு போட்டுவிடலாம். வீதிக்கு அப்படிக் கோடு போட முடியவில்லை.

ஆவணி பிறந்தபோது, சைக்கிள்காரன் ஒருவனைக் கடந்தால் காரை ஓரங்கட்டி, அவன் தன்னைத் தாண்டிப் போகும்வரை காத்திருக்கத் தொடங்கியிருந்தார். போகிறவன் அதே சைக்கிள்காரன்தானா என்று அடுத்த சந்தேகம் வரும். வீட்டு வாசலில் இறங்கியதும் டோர்ச் விளக்கோடு குனிந்து சில்லு நாலையும் பார்ப்பார். மட்காட்டின் உட்புறத்தை விரலால் தடவி விரலை முகர்ந்து பார்ப்பார். இடது மட்காட்டில், வாசற் படலைத் தூணில் இடித்து வந்த பழைய நெளிவு ஒன்று இருந்தது. அது எப்படி வந்தது என்று தெரிந்திருந்தும் நாளுக்கு நாள் அது கொஞ்சம் பெரிதாவதுபோல அவருக்குப் பட்டது. மாதத்துக்கென்று கிடைக்கும் பெற்றோல் கூப்பன் பன்னிரண்டாம் திகதிக்குள் தீர்ந்துபோயிற்று. சர்வகலாசாலைக்கும் வீட்டுக்கும் இடையில் மூன்று மைல்கூட இல்லை.

“எங்கை ஓடித் திரியிறியள்?” என்று டோரின் ஒரு நாள் நேராகவே கேட்டாள். அவளுடைய மனதில் வேறு விதமான பயம் ஒன்று எழுந்திருந்தது. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர் உண்மையைச் சொன்னபோது முதலில் அவளுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

“நான் ஒருத்தரையும் அடிக்கேல்லைத்தானே, டோரின்?”

“இல்லை. அடிச்சால் உங்களுக்குத் தெரியாதே?”

“தெரியாமல் அடிச்சிருந்தால்?”

“இல்லையப்பா. இல்லை.”

அந்த ‘இல்லை’ அவருக்குக் கால் மணித்தியாலம் தாங்கும். பிறகு மறுபடி வந்து கேட்பார். புரட்டாசியில் ஒரு பின்னேரத்துக்குள் இருபது, முப்பது தரம் அவள் அந்தச் சொல்லைச் சொன்னாள். கடைசியில் அது சொல்லாகவே இல்லாமற் போயிற்று. அரிசி களையும்போதும் சொன்னாள், கொப்பி திருத்தும்போதும் சொன்னாள், அவர் வாய் திறக்குமுன்னேயும் சொன்னாள். முந்திச் சொன்னால் செல்லாது. கேட்டபிறகுதான் சொல்லவேண்டும்.

இரசாயனம் படிப்பிக்கும் றவூப் தெஹிவளையில் இருந்தார். வெள்ளவத்தை வரை கிளெமென்றின் காரில் வந்து, அங்கிருந்து பஸ் பிடிப்பார். பகிடிக்கார மனிதர். அவர் பக்கத்தில் இருந்தால் கிளெமென்றுக்குக் கொஞ்சம் இலகு. சாட்சி ஒருவர் கூட இருக்கிறார் அல்லவா? ஆனால் ஒரு நாள், றவூப்பை இறக்கிவிட்ட பிறகு, அவர் ஏறிய பஸ்ஸைத் துரத்திக்கொண்டு தெஹிவளைச் சந்தி வரை போய், அங்கே அவரை மறித்தார்.

“றவூப், பாலத்தடியிலை நாங்கள் ஒருத்தரையும் இடிக்கேல்லைத்தானே?”

றவூப் சிரிக்கவில்லை. “சவரி, நான் ஒங்களுக்குப் பக்கத்துல தானே இருந்தேன்? ஒன்டும் நடக்கல்ல. லெபோரட்டரியில கேஸ் பைப்பைப் பூட்டினனா என்டு நானும் ரெண்டு தரம் திரும்பிப் போய்ப் பாக்கிறவன் தான். ஆனா இது வேற. ஒரு டொக்டர்ட்ட காட்டுங்க.”

டொக்டர் நரம்புத் தளர்ச்சி என்றார். ஒரு கசப்பு மருந்து எழுதிக் கொடுத்து, நுவரெலியாவில் இரண்டு கிழமை இருந்துவிட்டு வரச் சொன்னார். டோரினுடைய தமையன் வந்து, குரலைத் தாழ்த்தி, “உப்பிடியே விட்டால் கடைசியிலை அங்கொடைக்குத்தான் கொண்டுபோக வேண்டிவரும்” என்றான். பைத்திய ஆஸ்பத்திரி இருக்கும் அந்த ஊரின் பெயர் கதவுக்கு வெளியே நின்ற கிளெமென்றின் காதில் விழுந்தது. அதன் பிறகு அவர் டோரினிடம் கேட்பதைக் குறைத்துக்கொண்டார். கேட்பதற்கு வேறு இடம் தேடினார்.

காலி வீதியோரமிருந்த பொலிஸ் நிலையத்துக்கு முதல் தடவை ஒரு பொய்யோடு போனார். குடையைத் தொலைத்துவிட்டேன், யாராவது கொண்டுவந்து தந்தார்களா என்று கேட்டார். பிறகு, போகிற போக்கில் கேட்பதுபோல, “இண்டைக்கு இந்தப் பக்கம் ஒருத்தருக்கும் அடிகிடி படேல்லையே?” என்றார். இல்லை என்றார்கள். அன்று அவர் நன்றாக நித்திரை கொண்டார். அடுத்த கிழமை பேனையைத் தொலைத்தார். மூன்றாவது கிழமை பொய் சொல்லவும் களைத்துப்போய், படியில் ஏறியதும் நேராகவே கேட்டார்.

“அர மாத்தயா ஆயெத் ஆவா” என்று காவல் நின்ற சிங்களக் கொன்ஸ்டபிள் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பான், அந்த ஐயா மறுபடியும் வந்துவிட்டார் என்று. சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சார்ஜன்ட் வரதராசா மட்டும் சிரிப்பதில்லை. யாழ்ப்பாணத்தார், ஒழுங்கு பிடித்த மனிதர். கதிரை காட்டி இருக்கச் சொல்லி, முறைப்பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, அவர் வந்த நேரத்தையும் அதில் குறித்துவிட்டு, “ஒண்டுமில்லை, சேர்” என்று மரியாதையாகச் சொல்லி அனுப்புவார்.

பள்ளிக்கூடத்தில் கிளெமென்றோடு ஒரே வாங்கில் இருந்து படித்த பிலிப்பு என்பவர் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் கோவிலில் சுவாமியாராக இருந்தார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டு, மனிதனைக் கொன்ற பாவம் என்று கிளெமென்ற் தொடங்கியபோது சுவாமியார் திடுக்கிட்டு வலைத்துவாரத்தின் அருகே குனிந்தார். முழுவதும் கேட்டபின் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கிளெமென்ற், இதுக்குப் பாவம் எண்டு பேரில்லை. எங்கடை புத்தகங்களிலை இதை ஒரு வருத்தம், ஒரு நோய் எண்டுதான் எழுதியிருக்கு. இப்பிடி வருந்தின ஆக்கள் முந்தியும் இருந்திருக்கினம். இதுக்கு ஒரேயொரு வழிதான். நீ திரும்பிப் போய்ப் பார்க்கக்கூடாது. பாவம் இருந்தால் அது என்ரை தலையிலை இருக்கட்டும். பார்க்கமாட்டன் எண்டு சொல்லு.”

“பார்க்கமாட்டன், சுவாமி.”

ஒன்பது நாள் பார்க்கவில்லை. அந்த ஒன்பது நாளும் உடம்பெல்லாம் காய்ச்சல் அடித்ததுபோல இருந்தது. பத்தாவது நாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது: சுவாமியாரிடம் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேனா? ஏதாவது ஒன்றை மறைத்திருந்தால் அந்த வாக்கும் செல்லாதே? அன்று பின்னேரமே பாலத்துக்குப் போனார்.

அது ஐப்பசி மாதத்தின் நடுப்பகுதி, புதன்கிழமை. யுத்தத்துக்காக மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியிருந்ததால் ஏழு மணியளவில்தான் பொழுது பட்டது. அன்று அவர் எத்தனை தரம் பாலத்தைக் கடந்தார், எப்போது பொலிசுக்குப் போனார், எந்த வழியால் வீடு திரும்பினார் என்பதெல்லாம் பிறகு அவருக்கு ஒன்றோடொன்று கலந்துபோயிற்று. போனதும் வந்ததும் ஞாபகம் இருந்தது. எது முந்தி, எது பிந்தி என்பது இல்லை.

வியாழக்கிழமை காலை பால்காரன் செய்தி கொண்டுவந்தான். நேற்றுப் பொழுதுபட, பாலத்துக்கு இந்தப் பக்கம், நூல் ஆலையில் வேலை செய்யும் இராமர் என்ற கூலிக்காரனை ஏதோ வாகனம் அடித்துப்போட்டுப் போய்விட்டது. ஆள் அந்த இடத்திலேயே முடிந்தான்.

டோரின் திரும்பிப் பார்த்தாள். கிளெமென்ற் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அவர் நடுங்குவார், அழுவார், தன்னைக் கேள்வி மேல் கேள்வி கேட்டுப் பிய்ப்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவரோ ஆழ்ந்த மூச்சொன்றை விட்டார். நெடுந்தூரம் சுமந்த மூட்டையை இறக்கிவைத்த ஆளின் மூச்சு அது.

“நீங்கள் இல்லை,” என்றாள், அவர் கேட்காமலே. “நீங்கள் இல்லையப்பா!”

“நான்தான், டோரின். எனக்கு இப்ப விளங்குது.”

முகம் சவரம் செய்து, வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு பொலிசுக்குப் போனார். சார்ஜன்ட் வரதராசா அன்று இல்லை. மலேரியா பிடித்து, காலை ரயிலில் யாழ்ப்பாணம் போயிருந்தார். கிளெமென்றின் வாக்குமூலத்தை இன்ஸ்பெக்டர் எழுதினார். என்ன நேரம் என்று கேட்டார். நேரம் கிளெமென்றுக்குத் தெரியாது. வழியில் வாங்கிய பத்திரிகையில் ஏழு மணி என்று போட்டிருந்தது. ஏழு மணி என்றார். மட்காட்டில் நெளிவு இருக்கிறது என்றார். நிற்காமல் போனேன் என்றார். தெளிவாக, படிப்படியாக, வகுப்பில் ஒரு நிறுவலை எழுதுவதுபோலச் சொல்லி, கீழே கையெழுத்துப் போட்டார். சர்வகலாசாலைப் படிப்பாளி ஒருவர் தன் வாயாலேயே சொல்லிக் கையெழுத்து வைக்கும்போது நம்பாமல் என்ன செய்வது? பாலத்தடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த பெரியதம்பி முதலில், பெரிய வாகனம், பட்டாள லொறிபோல இருந்தது, ஆலை மணி அடித்து ஓயுமுன் நடந்தது என்று சொல்லியிருந்தான். ஐயா ஒருவரே வந்து ஒப்புக்கொண்டுவிட்டார் என்று கேள்விப்பட்டதும், தன் கண்ணைவிட ஐயாவின் வாய் பெரிது என்று அவனுக்குப் பட்டது. காராகவும் இருக்கலாம் என்று மாற்றிச் சொன்னான். லொறியைத் தேடுவது அதோடு நின்றது.

கவனமில்லாமல் கார் ஓட்டி மரணம் விளைவித்த குற்றம். றவூப் வந்து பிணை நின்றார். நீதவானின் முன்னால் கிளெமென்ற் நிமிர்ந்து நின்றார். தானாகவே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தார். அந்த நாட்களில் அவர் வயிறாரச் சாப்பிட்டார். படுத்தால் விடியுமட்டும் அசையாமல் நித்திரை. கோப்பைகள் கிணுகிணுக்கும்போது சிரித்தார். தூங்கும் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு டோரின் இருந்தாள். முந்திய பயங்கள் எல்லாம் சேர்ந்தும் அவளை இப்படிப் பயமுறுத்தியதில்லை. சந்தேகத்தை விடக் கொலையைத் தாங்குவது அவருக்குச் சுகமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்தபோது படலையில் ஒரு பெண் நின்றாள். முப்பது வயதிருக்கும். காதில் தோடு இருந்த இடத்தில் ஈர்க்குத் துண்டு. ஆலைத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் இருக்கும் ராக்கம்மா, இராமருடைய மனைவி.

“நீங்கதானா சாமி அது?”

கிளெமென்ற் அவள்முன் முழந்தாளிட்டார். டோரின் அவருடைய தோளைப் பிடித்தாள், அவர் எழும்பவில்லை.

“நான்தான் அம்மா.”

ராக்கம்மா அழுவாள், ஏசுவாள் என்று டோரின் நினைத்தாள். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அவரையே பார்த்தாள்.

“எங்க ஆள நாயப் போட்டாப்ல ரோட்டுல போட்டுட்டுப் போனது யாரோ எவனோன்னு நெஞ்சு வெடிச்சுக் கெடந்தேன் சாமி. நீங்களாச்சும் வந்து சொன்னீங்க. யாருன்னு தெரிஞ்சுபோச்சு. இனி அழுதாலும் ஒரு மொகத்தப் பாத்து அழலாம்.”

வீட்டுக்குள் வந்தபின் கிளெமென்ற், “பார்த்தீரே, அவவுக்கும் ஆறுதல்” என்றார். டோரின் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாலாவது கிழமை சார்ஜன்ட் வரதராசா வேலைக்குத் திரும்பினார். மெலிந்து, கண் மஞ்சளாய் இருந்தார். வந்த அன்றே வழக்குக் கடதாசிகளைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரிடம் போனார். பின்னேரம் கிளெமென்றின் வீட்டுக்கு வந்தார். டோரின் கதிரை போட்டாள். அவர் உட்காரவில்லை.

“சேர், அந்தப் புதன்கிழமை ஏழு மணிக்கு நீங்கள் எங்கை நிண்டனீங்கள் எண்டு ஞாபகம் இருக்கே?”

“பாலத்தடியிலை.”

“இல்லை. என்ரை மேசைக்கு முன்னாலை நிண்டனீங்கள். ஏழுக்கு அஞ்சு நிமிசம் இருக்கேக்கை வந்தனீங்கள். ஒருத்தருக்கும் அடிபட்டதோ எண்டு கேட்டனீங்கள். ஏழு மணிக்கு ஆலை மணி அடிச்சது, நான் என்ரை மணிக்கூட்டைச் சரி பண்ணினனான். நீங்கள் போகேக்கை ஏழேகால். நான் எழுதி வைச்சிருக்கிறன். அந்த மனுசன் செத்தது மணி அடிச்ச நேரம்.”

டோரின் சுவரைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். கிளெமென்றின் முகம் வெளுத்தது.

“உங்கடை மணிக்கூடு பிழையாய் இருந்திருக்கும்.”

“மணியைக் கேட்டுத்தானே சேர் சரி பண்ணினனான்.”

“அப்ப மணியைப் பிந்தி அடிச்சிருப்பினம். இல்லாட்டி நான் வரமுந்தி அவனை அடிச்சிருப்பன். ஆள் கொஞ்ச நேரம் உயிரோடை கிடந்திருக்கலாம். பெரியதம்பி எந்த மணியைச் சொன்னவன்? விசாரிச்சனீங்களே?”

“சேர்...”

“வடிவாய் விசாரிக்க வேணும், சார்ஜன்ட்! எழுதினது சரியோ எண்டு ஒருக்கால் பாருங்கோ. இன்னொருக்கால் பாருங்கோ!”

சார்ஜன்டின் கையிலிருந்த தொப்பி மெதுவாகச் சுழன்றது. டோரினைப் பார்த்தார். பிறகு, “நான் வாறன், அக்கா” என்று சொல்லிப் படியிறங்கினார். அவர் ஒழுங்கையைத் தாண்டுமுன்னரே கிளெமென்ற் டோர்ச்சை எடுத்துக்கொண்டு காரடியில் குனிந்திருந்தார்.

வழக்குத் தள்ளுபடியாயிற்று. பட்டாள லொறியைப் பற்றி மறுபடி விசாரித்தார்கள். அந்த நாட்களில் காலி வீதியால் போன லொறிகள் திருகோணமலைக்கும், அங்கிருந்து கப்பலேறிப் பர்மாப் பக்கமும் போய்விட்டன. பெரியதம்பியிடம் மூன்றாவது தடவை கேட்டபோது, “லொறி எண்டும் சொன்னன், கார் எண்டும் சொன்னன். இப்ப எனக்கே விளங்கேல்லை ஐயா” என்று கையை விரித்தான். இனந்தெரியாத வாகனம் என்று தீர்ப்பு எழுதப்பட்டது.

ராக்கம்மா இன்னொரு தடவை வந்தாள். இம்முறை படலைக்குள் வரவில்லை.

“நீங்க இல்லேங்கறாங்க. நெசமா?”

கிளெமென்ற் வாயைத் திறந்தார். ஆம் என்று சொன்னால் சட்டத்துக்குப் பொய். இல்லை என்று சொல்ல அவருடைய நாக்கு எழவில்லை.

“அப்ப யாருங்க சாமி? நீங்க குறுக்க வந்து நாந்தான்னு சொல்லாட்டி, அந்தக் கடக்காரரு மொதல்ல சொன்னதக் கேட்டு அவனத் தேடிப் புடிச்சிருப்பாங்கல்ல?”

அவர் இதுவரை தன்னை எத்தனையோ கேள்விகள் கேட்டு வதைத்திருக்கிறார். இந்தக் கேள்வியை ஒரு நாளும் கேட்டதில்லை. இதில் சந்தேகத்துக்கு இடமேயில்லை. எந்தப் பாலத்துக்கும் போய்ப் பார்க்கத் தேவையில்லாத ஒரு குற்றம் அது. உண்மையாகவே அவர் செய்தது. அதை அவர் அப்போது கண்டார். மற்றக் குற்றங்களைப்போல அது அவரை உலுக்கவில்லை. ஒரு மூலையில் போய் அமைதியாக உட்கார்ந்துகொண்டது. “ஓம் அம்மா,” என்றார். “அதுமட்டும் நான் செய்த பிழைதான்.”

ராக்கம்மா தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அடுத்த மாதம் தேயிலைத் தோட்டத்திலிருந்த தங்கையிடம் போய்விட்டதாக லயத்தில் சொன்னார்கள். டோரின், அவளுக்கென்று கொண்டுபோன அரிசி மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

கார் விற்கப்பட்டது. கிளெமென்ற் தை மாதம் வேலைக்குத் திரும்பினார். வினாத்தாள்கள் மறுபடி அவரிடம் வந்தன, அவர் பார்த்ததில் பிழை இருக்கவில்லை. றவூப் முந்திப்போலவே பகிடி விட்டார். நடந்ததைப் பற்றி எவரும் கதைக்கவில்லை. வாகனம் ஓட்டாதவன் யாரை அடிக்க முடியும் என்று டோரின் நினைத்தாள். கொட்டாஞ்சேனைக் கோவிலில் மெழுகுதிரி கொளுத்தினாள்.

மாசியில் ஒரு நாள், பள்ளிக்கூடம் விட்டு வெள்ளவத்தை ரயில் நிலையத்தில் அவருக்காகக் காத்திருந்தாள். கொழும்பிலிருந்து கோச்சி வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். அவர் இறங்கியதை அவள் காணவில்லை. கோச்சி நகர்ந்து போனபின், மேடையின் அந்தக் கோடியில் அவர் நிற்பதைக் கண்டாள். முதுகைச் சுவரோடு ஒட்டி, இரண்டு கைகளையும் தன் கக்கத்துக்குள் இறுக்கிப் பூட்டிக்கொண்டு நின்றார். கண்கள் தண்டவாளத்தின்மேல் இருந்தன.

கிட்டப் போனாள். கடற்காற்றில் அவருடைய நெற்றி வியர்த்திருந்தது.

“டோரின்,” என்றார் தாழ்ந்த குரலில், “இறங்கேக்கை எனக்கு முன்னாலை ஒரு கிழவன் நிண்டவர். இப்ப அவரைக் காணேல்லை.”